பதினேழு வருடம் நான் நோவாக்

1

மொன்றியலில் என்னைத் தெரிந்த தமிழர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்வி: "என்ன நோவாக் அண்ணை, உடம்பு எப்பிடி?" நான் வாய் திறப்பதற்கு முன்பே பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "நோவாக் கிடக்கு, என்ன?" கை கால் உளைந்தால் ஊரில் நாம் சொல்கிற அதே வார்த்தை. மன்னாரில் பிறந்த ஒருவனுக்கு இப்படியொரு பெயர் எப்படி வந்தது என்று உங்களில் சிலர் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு காலமும் பகிடிக்குச் சிரித்துவிட்டு நழுவி வந்தேன். இனி நழுவ இயலாது என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் என் மகள் அனிற்றா. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஓர் ஒக்டோபர் மாலை நான் வேலையால் வந்தபோது குசினி மேசையை மறைத்தபடி ஒரு பெரிய மட்டை விரிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு மட்டை செய்துகொண்டு போக வேண்டுமாம். பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, அந்தப் பெயரில் பேர்போனவர்கள் யார் யார்.

"பப்பா, போலந்தில ஆகக் கூடின ஆக்களுக்கு இருக்கிறது எங்கட பேர்தான். தெரியுமோ?"

"அப்பிடியோ?"

"அர்த்தம் என்னெண்டா, புதுசா வந்த ஆள். ஊருக்குப் புதுசா ஆர் வந்தாலும் நோவாக் எண்டு கூப்பிட்டவையாம்."

அவள் வெட்டி ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். விண்வெளிக்குப் போன ஒரு பெண். உயிர்கள் மாறிவந்த விதத்தைக் கணக்காக எழுதிக் காட்டிய ஒரு பேராசிரியர். உதைபந்தாட்டக்காரர்கள் மட்டும் ஒரு வரிசை. எல்லோரும் நோவாக். "எல்லாம் எங்கட ஆக்கள்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் குரலில் பெருமை இருந்தது.

மட்டையின் கீழ் மூலையில் ஒரு சிறிய தேவாலயத்தை வரைந்து, பக்கத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: பல காலத்துக்கு முன் மன்னாருக்கு வந்த ஒரு போலந்துக் குருவானவர், எங்கள் முப்பாட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தன் பெயரையும் கொடுத்தார்.

அது நான் சொன்ன கதை. அவளுக்கு ஐந்து வயதில், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து வந்து "எங்களுக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்ட நாளில், வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் போர்த்துக்கீசப் பெயர் வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறபடியால் கதை பிசகில்லாமல் நின்றுவிட்டது. ஒன்பது வருடத்தில் அதற்கு ஒரு தேவாலயமும் முளைத்து, நிறமும் தீட்டப்பட்டுவிட்டது.

அடுப்படியில் நின்ற என் மனைவி ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்தைக் கழற்றுவதில் கவனமாக இருந்தேன்.

2

இனி உண்மையைச் சொல்கிறேன்.

என் பெயர் அருள்நேசன். தகப்பன் பெயர் சந்தியாப்பிள்ளை. நான் பாரிசில் இரண்டு மாதம் ஓர் அறையில் பதினொரு பேரோடு காத்திருந்த பிறகு, ஏஜென்சிக்காரன் ஒரு பிரெஞ்சுப் பாஸ்போட்டைக் கையில் தந்தான். படம் என்னுடையது. பெயர் மார்த்தின் நோவாக். அந்த மார்த்தின் நோவாக் யார், பாஸ்போட்டைத் தொலைத்தாரா விற்றாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. "விமானத்தில கக்கூசுக்குள்ள போய்க் கிழிச்சுப் போடு. இறங்கினவுடன உன்ர சொந்தப் பேரைச் சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

நான் எழும்புவோம் எழும்புவோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தேன். கடைசியாக எழும்பியபோது விமானம் குலுங்கத் தொடங்கியது. பட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். பணிப்பெண் என்னைத் தோளில் தொட்டு இருத்தினாள். இறங்கும்வரை பட்டி விளக்கு அணையவில்லை; கிழிக்காத பாஸ்போட்டோடுதான் இறங்கினேன்.

மொன்றியல் விமான நிலையத்தில் என்னை விசாரித்த அதிகாரி வெள்ளைத் தாடிக்காரர். முகத்தில் கோபமில்லை. படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, "நோ?" என்றார்.

பிரெஞ்சில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார். அந்த மொழியில் பெயர் என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னது, உனக்கு இங்கே இடமில்லை என்பது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "யெஸ் சேர், பிளீஸ், யெஸ்" என்றேன். அவர் பாஸ்போட்டைத் திறந்து விரலை வைத்து, "நோவாக்?" என்றார். பயத்தில் பாஸ்போட்டுப் பெயரே நினைவுக்கு வராமல், இன்னும் கடுமையாக மறுக்கிறார் என்று நினைத்து நானும் இன்னும் பலமாக "யெஸ், யெஸ்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் அழாக்குறையாக என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பாஸ்போட் கள்ளம் என்றும் சொன்னேன். "சரி, உங்கட குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். "எங்களுக்குக் குடும்பப் பெயர் எண்டு ஒண்டும் இல்லை. அப்பான்ர பேரைத்தான் முன்னுக்குப் போடுறனாங்கள்" என்றேன். அவர் என்ன மொழிபெயர்த்தாரோ, அதிகாரி மார்த்தினை மட்டும் வெட்டிவிட்டு அருள்நேசன் என்று எழுதினார். குடும்பப் பெயர் இல்லாதவனின் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது அப்படியே இருந்துவிட்டது.

அகதி வழக்குப் பேசிய சட்டத்தரணி, "இப்ப தொடாதையுங்கோ, ஃபைல் திரும்ப அடிக்குப் போயிடும், பேந்து பாப்பம்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிட்டார். வழக்கு வென்றது. நிரந்தர வதிவிடத்தின்போதும் அதே பேந்து, பிறகு பார்க்கலாம் என்பதுதான். குடியுரிமையின்போதும் பேந்து. சுகாதார அட்டை, சாரதி அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பெயர் ஏறியது. எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய பட்டியிலும் ஏறியது. ஜெசிந்தாவுக்கு மட்டும் அவளுடைய தகப்பனின் பெயர். இந்த மாகாணத்துச் சட்டப்படி கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. அந்தச் சட்டத்தைப் புகழ்ந்து பேசுகிற ஒரே தமிழ்ப் பெண் அவளாகத்தான் இருப்பாள்.

3

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியரின் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். வில்லரேயில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். குளிர்காலத்தில் விரல்கள் விறைத்துத் தக்காளியை விடச் சிவந்துபோகும். நெஞ்சில் குத்தியிருக்கும் சின்னப் பட்டியில் 'நோவாக்' என்று இருக்கும்.

சனிக்கிழமைகளில் ஒரு வயதான போலந்துப் பெண் பீட்ரூட் வாங்க வருவார். முதல்நாள் பட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பப் பட்டியைப் பார்த்தார். பிறகு சரசரவென்று போலந்து மொழியில் ஏதோ கதைக்கத் தொடங்கினார். நான் தலையை ஆட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. தன் தாயும் பிறப்பால் நோவாக் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கென்று ஒரு துண்டு கேக் கொண்டுவந்து தருவார். நான் வாங்கிக்கொள்வேன். அவரிடமும் குருவானவர் கதையைத்தான் சொல்லியிருந்தேன். பொய்க்குக் கிடைத்த கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராது. பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவசரமாகத் தின்றுவிடுவேன்.

4

அனிற்றா மட்டை செய்த அதே மாதம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது.

அம்மா செத்த பிறகு அப்பா மன்னாருக்குக் கிழக்கே, எங்கள் பழைய காணியில் தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர். சண்டை திரும்பவும் மூண்டுகொண்டிருந்தது. அவரை இங்கே கூப்பிடப் படிவங்கள் நிரப்பி அனுப்பியிருந்தோம். பதில் ஒரு பக்கம்தான். கூப்பிடுகிறவரின் பெயர் நோவாக். தகப்பன் என்று சொல்லப்படுபவரின் பெயர் சந்தியாப்பிள்ளை. உறவு நிரூபிக்கப்படவில்லை.

'தகப்பன் என்று சொல்லப்படுபவர்.' அந்த வரியை ஜெசிந்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. கடிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

மஞ்சள் மெத்ரோவில் ஆற்றுக்கு அடியால் லொங்குய்ய் போய் ஒரு பெண் சட்டத்தரணியைக் கண்டேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, அப்பா கொழும்புக்குப் போய் மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பது. மற்றது, நான் என் பெயரைத் திருத்துவது. பெயர் திருந்தினால் என் பிறப்புச் சான்றிதழும் அட்டையும் ஒன்றாகிவிடும்.

அன்று இரவே அப்பாவுடன் கதைத்தேன். அவருடைய காணிக்குப் பக்கத்துச் சந்தியில் ஒரு கடையில் ரெலிபோன் இருந்தது.

"கொழும்புக்கோ?" என்று சிரித்தார். "பாதை பூட்டியாச்சு மோனை. மன்னாருக்கே போகேலாது. அது கிடக்கட்டும், என்னெண்டு என்ர பிள்ளை எனக்குப் பிள்ளை இல்லாமப் போனது?"

நான் அதுவரை அவரிடமும் சொன்னதில்லை. கடிதங்களில் பின்பக்கத்து முகவரியாக வெறும் 'அருள்நேசன்' என்றே எழுதிவந்தேன். சொன்னேன்.

"என்ன பேர்? திருப்பிச் சொல்லு."

"நோவாக்."

"எப்பிடி எழுதுறது? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு."

சொன்னேன். "சரி" என்றார். "ஆரோ ஒரு மனுசன்ர பேர் உன்னைக் கரை சேர்த்திருக்கு. அவனுக்காகச் செபம் சொல்லு."

பெயரைத் திருத்தப்போகிறேன் என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கடை ரெலிபோன் வேலை செய்யவில்லை.

5

பெயர் மாற்ற விண்ணப்பத்தில் ஒரு பக்கம் அனிற்றாவுக்கானது. பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை, தகப்பனின் பெயர் மாற்றம் தனக்கு வேண்டாம் என்று மறுக்கலாம். ஆகவே அவளிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேசையில் இருத்திச் சொன்னேன். ஏஜென்சி, பாஸ்போட், விமானம் எல்லாம். ஜெசிந்தா அவள் பக்கத்தில் இருந்தாள். அனிற்றா முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"அப்ப அந்தக் குருவானவர்?"

"இல்லை பிள்ளை."

"நான் வகுப்பில முன்னுக்கு நிண்டு சொன்னனான். எல்லாரும் கை தட்டினவை."

அவள் அறைக்குப் போய் அந்த மட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் முதல்நாள் கவனிக்காத ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினாள். தொப்பி போட்ட ஒரு மெலிந்த மனிதர். உலகப் போரில் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி எல்லை கடந்து செய்தி சுமந்தவராம்.

"இவர் உண்மையா நோவாக் இல்லை. களவா எல்லை தாண்டுறதுக்கு வைச்ச பேர். சண்டை முடிஞ்ச பிறகும் அவர் அதை விடேல்லை. நீங்கள் இதை எனக்குச் சொல்லியிருந்தா நான் அதைச் சொல்லியிருப்பன். அது நல்ல கதை, பப்பா. குருவானவரைவிட நல்ல கதை."

"சொல்லியிருக்க வேணும். பிழைதான்" என்றேன். பிறகு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "இப்ப எல்லாத்தையும் சரியாக்குவம். அப்பப்பான்ர பேரை எடுப்பம்."

அவள் படிவத்தை வாசித்தாள். பேனையை எடுத்து, மறுக்கிறேன் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டாள்.

"அனிற்றா!" என்றாள் ஜெசிந்தா.

"நீங்கள் களவா எடுத்த பேர், பப்பா. நான் களவா எடுக்கேல்லை. எனக்கு நீங்கள் தந்தது." அவ்வளவும் தமிழில் சொன்னாள். அதற்கு மேல் தமிழ் போதாமல் பிரெஞ்சுக்குப் போனாள். அவள் முதல்முதல் எழுதப் பழகிய சொல் அதுதானாம். ஸ்நேகிதிகள் அவளைக் கூப்பிடுவதும் அப்படித்தானாம். நான் தப்பி வந்த பெயர் அவள் பிறந்த பெயராம். "என்னை அதுக்குள்ள விட்டிட்டு நீங்கள் மட்டும் வெளியில போறியள்."

அவளை அந்தப் பெயரென்ற வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்தியது நான். இப்போது கதவைத் திறந்துகொண்டு போகிறவனும் நான்.

ஆனால் அப்பா அங்கே இருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

6

ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அவர்கள் ஒரு பத்திரம் கேட்பார்கள், அனுப்புவேன். அதை மொழிபெயர்த்தவரின் முத்திரை காணாது என்று திரும்பி வரும். இதற்குள் அப்பா இருந்த வன்னிப் பக்கத்துச் செய்தி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. அப்பா காணியை விட்டு வெளிக்கிட்டார் என்று ஒருவர் சொன்னார். கிழக்கே போகிற சனத்தோடு கண்டதாக இன்னொருவர் சொன்னார். பிறகு சொல்ல ஒருவரும் இல்லை. நான் காலையில் முள்ளங்கிக் கட்டுக்கு நீர் தெளிப்பேன். பின்னேரம் வந்து கணினியில் பெயர்ப் பட்டியல்களைத் தேடுவேன். சந்தியாப்பிள்ளை என்ற பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். வயது ஒத்துவராது, ஊர் ஒத்துவராது.

நடுவில் ஒருநாள் சான்றிதழ் வந்தது. அருள்நேசன் சந்தியாப்பிள்ளை. ஜெசிந்தா அதைச் சுவரில் திருச்சொரூபத்துக்குக் கீழே சாய்த்து வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். நான் அதன் முன்னால் கனநேரம் நின்றேன். சந்தோசம் வரும் என்று பதினேழு வருடமாக நினைத்திருந்தேன். அப்பா உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் அவர் பெயரைச் சுமந்து நிற்பது பயமாக இருந்தது.

கடை முதலாளிக்குப் புதுப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. இரண்டு தரம் "சாந்தியா, சாந்தியா" என்று முயன்றுவிட்டு, "நீ நோவாக்தான், போய்ப் பெட்டியைத் தூக்கு" என்றார். போலந்துப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேக் பொதியைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு அதைத் தந்துவிட்டு, பீட்ரூட் வாங்காமல் போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

வீட்டுக் கதவில் இரண்டு பெயர் இருந்தது, இப்போது மூன்று. பள்ளிக்கூடத்திலிருந்து அனிற்றாவுக்கு வந்த ஒரு கடிதத்தில், தகப்பன் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அவள் அதைக் காட்டவில்லை. குப்பை கட்டும்போது கண்டேன்.

7

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிச் சில கிழமைகள் கழித்து, ஒரு காலை, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. அனிற்றாதான் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து ஒரு குருவானவர் கதைத்தார். "உங்கட அப்பா இஞ்சை இருக்கிறார். என்ர ஃபோன்தான். கன நேரம் கதைக்கேலாது" என்றார். அடுத்தது அப்பாவின் குரல். மெலிந்து போயிருந்தது. ஆனால் அவருடைய குரல்தான்.

"நேசன். அப்பா கதைக்கிறன்."

நான் ரெலிபோனுக்குக் கிட்டப் போனேன். ஜெசிந்தா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சுகமா இருக்கிறன். கால்தான் கொஞ்சம் வீக்கம். கேள், ஒரு நல்ல சேதி சொல்லுறன். என்ர அடையாள அட்டை, உன்ர பிறப்புப் பத்திரம் எல்லாம் வாய்க்காலைக் கடக்கேக்க தண்ணியோட போட்டுது. இஞ்சை பதிவில பேர் கேட்டவை. வாயால சொல்லுறதைத்தான் எழுதினவை. நான் சந்தியாப்பிள்ளை நோவாக் எண்டு குடுத்தனான்."

நான் சுவரில் சாய்த்திருந்த சான்றிதழைப் பார்த்தேன்.

"நீ அண்டைக்குச் சொன்ன எழுத்து ஒண்டும் மறக்கேல்லை. கூட்டிச் சொல்லி எழுதுவிச்சனான். அதுதான் இனி என்ர அட்டையிலயும். உங்கை ஒருத்தரும் இனிக் கேள்வி கேக்கேலாது. அப்பனும் மோனும் ஒரே பேர். என்ன, சரிதானே?"

நான் பெயர் மாற்றியதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முகாமில் ஒரு கிழவர் போய், நான் சொன்ன பெயர் என் பெயரில்லை, வேறு பெயர் என்று சொன்னால் அவரைச் சந்தேகப்பட்டு எந்த வரிசையில் நிறுத்துவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் எத்தனை மாதம் அந்த எழுத்துகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார் என்பதையும் நினைத்தேன்.

"ஓம் அப்பா" என்றேன். "சரிதான். நல்ல வேலை செய்தனீங்கள்."

அவர் சிரிப்பது கேட்டது.

அனிற்றா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழ் அவளுக்கு அரைகுறை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரெலிபோனுக்குக் கிட்டக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"அப்பப்பா, நான் அனிற்றா. நானும் நோவாக். ரெண்டு வருசத்தில எனக்குப் பதினெட்டு. அப்ப நான் உங்களைக் கூப்பிடலாம். நான் கூப்பிடுவன்."

மறுமுனையில் காற்று இரைந்தது. யாரோ அவசரப்படுத்துவதும் கேட்டது.

"பிள்ளை என்ன சொல்லுறா?" என்று கேட்டார் அப்பா. "ஒரே இரைச்சலாக் கிடக்கு. விளங்கேல்லை."

"உங்களைக் கெதியா வரட்டாம், அப்பா" என்றேன்.